கடனின் ஆயுளும் விமான நிறுவனத்தின் ஆயுளும்

பிள்ளைகளின் உயர்கல்விக்காகக் கடன் பெறும் பெற்றோர் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர்: எவ்வளவு கிடைக்கும், மாதத் தவணை எவ்வளவு வரும். மூன்றாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடன் முடியும்வரை அதை அடைப்பதற்கான வருமானம் நிலைத்திருக்குமா என்பதே அது. விமானி வேலையைப் பொறுத்தவரை, அதிலும் சிறு நகரங்களை இணைக்கும் வட்டார விமான நிறுவனத்தில் விமானியாகச் சேரலாமா என்று முடிவெடுக்கும்போது, இந்த மூன்றாம் கேள்வியே முதற்கேள்வி ஆகிவிடுகிறது. கல்விக்கடனின் ஆயுள் பெரும்பாலும் 15 ஆண்டு. நம் நாட்டின் வட்டார விமான நிறுவனங்கள் பலவற்றின் ஆயுள் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இவ்விரண்டு ஆயுள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

எடுத்துக்காட்டுக் குடும்பம்

புணே மாநகரின் வானவடிப் பகுதியை அறியாதவர் அந்நகரில் அரிது. ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும் தென்மண்டல இராணுவ மருத்துவமனையும் அங்கேதான் உள்ளன. 1794-இல் அங்கு மறைந்த மராத்தியத் தளபதி மகாதஜி சிந்தேயின் நினைவு மண்டபமும் அங்கேயே உள்ளது. படைப்பணியில் ஓய்வு பெற்று அங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்ட குடும்பங்கள் பல; அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நகரின் விமான நிலையமான லோஹகாவ் இந்திய விமானப் படைக்கு உரியது. பயணிகள் விமானங்கள் அதன் ஒரு பகுதியைப் பயன்படுத்துகின்றன. அங்கே 2024 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃப்ளை 91 என்னும் வட்டார நிறுவனம் புணேயிலிருந்து ஜல்காவ், சிந்துதுர்க் போன்ற ஊர்களுக்குச் சேவை தொடங்கியது. எனவே வட்டார விமானம் என்பது வானவடிவாசிகளுக்கு எட்டாத செய்தி அன்று.

அப்பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எண்ணிக்கொள்வோம். தந்தை படைப்பணியில் ஓய்வு பெற்றவர். மகளுக்கு வயது 22. வணிக விமானி உரிமம் பெற்றுவிட்டாள். பயிற்சிக்காக வீட்டை ஈடாக வைத்துப் பெற்ற கல்விக்கடன் ரூ. 50 லட்சம், வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு, திருப்பிச் செலுத்தும் காலம் 15 ஆண்டு. இப்போது ஒரு வட்டார நிறுவனம் அவளைத் துணை விமானியாக அழைக்கிறது. பெரிய நிறுவனங்களின் அழைப்பு எப்போது வரும் என்பது தெரியாது. சேர்வதா, காத்திருப்பதா? நாம் கொள்ளும் எண்கள் கணக்கை விளக்குவதற்காகவே. வாசகர்கள் தத்தம் எண்களை அவ்விடங்களில் இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் எதனால் ஆனது

வணிக விமானி உரிமத்தைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருத்தல், 18 வயது நிறைவு, முதல் வகுப்பு மருத்துவச் சான்று, 200 மணி நேரம் பறந்த அனுபவம், வான்வழி கண்டறிதல், வானிலையியல், விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் குறைந்தது 70 விழுக்காடு மதிப்பெண் ஆகியவை அதன் அடிப்படைத் தேவைகள். உத்தரப் பிரதேசத்து ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி, மகாராட்டிரத்திலேயே கோந்தியா, பாராமதி ஆகிய ஊர்களில் இயங்கும் பயிற்சி நிலையங்கள் என இதற்கான இடங்கள் பல. பாராமதி புணே மாவட்டத்திலேயே உள்ளது.

இங்கே ஒரு முறைமையை வலியுறுத்த விரும்புகிறோம். பயிற்சிக் கட்டணத்தில் ஒரு ரூபாய் செலுத்துவதற்கும் முன்னர் முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் பெற்றுவிட வேண்டும். நிறப் பார்வை, செவித்திறன், இதயத்தின் நிலை ஆகியவற்றில் ஏதேனும் குறை பின்னர் தெரியவந்தால், செலுத்திய கட்டணம் திரும்பாது. கடன் மட்டும் எஞ்சும்.

வணிக விமானி உரிமம் முதற்படியே. விமானத்தின் தலைமை விமானியாக அமர, 21 வயதும் 1,500 மணி நேரப் பறப்பும் தேவைப்படும் மேல்நிலை உரிமம் வேண்டும். மேலும் ஒவ்வொரு விமான வகைக்கும் தனித் தகுதி பெறவேண்டும். டைப் ரேட்டிங் எனப்படும் இத்தகுதிக்கான சிமுலேட்டர் பயிற்சிக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேலும் செலவாவது உண்டு. ஏ.டி.ஆர். விமானத்திற்குப் பெற்ற தகுதியைக்கொண்டு ஏர்பஸ் விமானத்தை ஓட்ட இயலாது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வோம், பின்னர் பயன்படும்.

வட்டார விமானம் தரும் நன்மை

வட்டார நிறுவனங்களில் பெரும்பாலும் காணப்படுவது ஏ.டி.ஆர். 72 என்னும் விமானம். ஏறத்தாழ 70 முதல் 78 பேர் அமரக்கூடியது. சுழல்விசிறிகளைக் கொண்ட டர்போபிராப் வகை. குறுந்தொலைவில் ஜெட் விமானத்தைவிட எரிபொருளைக் குறைவாகவே செலவிடும். குறுகிய ஓடுபாதையிலும் இறங்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஏ.டி.ஆர். 42, சுமார் 1,200 மீட்டர் ஓடுபாதையே உள்ள சிம்லாவுக்கும் செல்கிறது.

இவ்விமானத்தில் பணிபுரியும் துணை விமானி ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குவது உண்டு. நீண்ட தொலைவு பறக்கும் விமானியைவிட அவருக்கு ஏற்றமும் இறக்கமும் மிகுதி. இவ்விமானம் 25,000 அடிக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழை மேகங்களுக்கு மேலே சென்று தப்பிவிட இயலாமல், அவற்றைச் சுற்றியும் தவிர்த்தும் செல்லும் பயிற்சி கிடைக்கிறது. இந்த அனுபவத்திற்குத் தொழிலில் மதிப்பு உண்டு. சிறு நிறுவனத்தில் மூப்பு வரிசை குறுகியது. நிறுவனம் வளருமாயின் தலைமை விமானிப் பதவியும் விரைவில் வரக்கூடும்.

மறுபுறம் காத்திருப்பதற்கும் விலை உண்டு. 2023-ஆம் ஆண்டில் மட்டும் இயக்குநரகம் 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. அதே ஆண்டில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆணையிட்டன. இச்செய்திகளைப் படித்தோர் வேலை தேடி வரும் என்று எண்ணியது இயல்பே. ஆயினும் ஆணையிட்ட விமானங்கள் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே வந்து சேரும். நிறுவனங்களுக்கு உடனடித் தேவை அனுபவம் மிக்க தலைமை விமானிகளே. 200 மணி நேரம் மட்டும் பறந்தவர்கள் வரிசையில் நிற்கவேண்டியுள்ளது. அந்தக் காத்திருப்பிலும் கருவிப் பறத்தல் தகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டும். தவணையோ காத்திருக்காது.

நிறுவனங்களின் ஆயுள்

இனி மறுதட்டில் உள்ளதைப் பார்ப்போம். சிறு நகரங்களை இணைப்பதற்கென 1981 ஜனவரியில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து வாயுதூத் நிறுவனத்தைத் தொடங்கின. அரசின் ஆதரவு இருந்தும் இழப்பு மிகுந்து, 1993-இல் அதை இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்க முடிவாயிற்று. அரசு நிறுவனம் ஆதலால் ஊழியர்களுக்கு மாற்றுப்பணி கிடைத்தது. தனியார் நிறுவனங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

தமிழகத்திலேயே இரு சான்றுகள் உள்ளன. சென்னையிலிருந்து இயங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005 அக்டோபரில் தொடங்கி 2010-இல் நின்றது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் தொடங்கி ஓராண்டு நிறையும் முன்னரே நின்றது. அண்டை மாநிலங்களிலும் இதே நிலை. பெங்களூருவின் ஏர் பெகாசஸ் 2015 ஏப்ரல் முதல் 2016 ஜூலை வரை. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013 அக்டோபர் முதல் 2017 பிப்ரவரி வரை. ஹைதராபாத்தின் ட்ரூஜெட் 2015 ஜூலை முதல் 2022 பிப்ரவரி வரை.

எல்லா நிறுவனங்களும் நின்றுவிடவில்லை. 1996-இல் தொடங்கப்பட்ட அலையன்ஸ் ஏர் இன்றும் பறக்கிறது; 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டா குழுமத்திற்குச் சென்றபோதும் அது அரசிடமே நின்றது. கர்நாடகத்தைத் தளமாகக் கொண்ட ஸ்டார் ஏர் 2019 ஜனவரியிலிருந்து இயங்கிவருகிறது. ஃப்ளை 91 தன் பயணத்தை 2024 மார்ச்சில் தொடங்கியது. ஆகவே வட்டார நிறுவனம் என்றாலே நின்றுவிடும் என்று கொள்வதும் பிழை; தொடங்கியது எல்லாம் நிலைக்கும் என்று கொள்வதும் பிழை.

பெரிய நிறுவனமும் நிலைபேற்றுக்கு உறுதி தருவதில்லை. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. பெரிய நிறுவனம் நிற்கும்போது அதன் விமானி கையில் இருப்பது பல நிறுவனங்கள் விரும்பும் ஏர்பஸ் அல்லது போயிங் தகுதி. வட்டார நிறுவனம் நிற்கும்போது விமானியின் கையில் இருப்பது, சில நிறுவனங்களுக்கு மட்டுமே வேண்டிய தகுதி. வட்டார விமானியின் இடர் கூடுவது இந்த இடத்தில்தான்.

ஏன் நிற்கின்றன

இக்காரணங்களை அறிந்தால், அழைப்பு விடுத்த நிறுவனத்தை எடைபோட முடியும்.

முதற்காரணம் மானியத்தின் காலவரம்பு. 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தில், சுமார் ஒரு மணி நேரப் பயணத்திற்கு ரூ. 2,500 என்ற அளவில் கட்டண வரம்பு வைத்து, விமானத்தின் ஏறத்தாழப் பாதி இருக்கைகளை ஒதுக்கவேண்டும் என்று வகுக்கப்பட்டது. அதனால் நேரும் இழப்பை ஈடுசெய்ய அரசு மானியம் தருகிறது. அதற்கான காலம் மூன்று ஆண்டு. 2017 ஏப்ரல் 27 அன்று இத்திட்டத்தின் முதற்பயணங்களைப் பிரதமர் தொடங்கிவைத்தார். சிம்லா–தில்லி வழியில் அலையன்ஸ் ஏரும், நாந்தேட்–ஹைதராபாத், கடப்பா–ஹைதராபாத் வழிகளில் ட்ரூஜெட்டும் பறந்தன. அன்று தொடங்கிய இரு நிறுவனங்களில் ஒன்று ஐந்தாண்டு நிறையும் முன்னரே இல்லாமற்போயிற்று. சேலம் மக்களும் இதைக் கண்டவர்களே: 2018 மார்ச்சில் சென்னைக்குத் தொடங்கிய சேவை 2021-இல் நின்றது; 2023 அக்டோபரில் வேறு நிறுவனங்களால் மீண்டும் தொடங்கிற்று.

இரண்டாவது காரணம் வாடகை விமானம். பெரும்பாலான நிறுவனங்கள் விமானங்களைக் குத்தகைக்கே எடுக்கின்றன. வாடகை நிலுவையானால் உரிமையாளர் விமானத்தைத் திரும்பக் கேட்பார். அதை எளிதாக்கும் சட்டமும் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஐந்து விமானம் உள்ள நிறுவனத்தில் இரண்டு போய்விட்டால் கால அட்டவணையே குலைந்துவிடும். மூன்றாவது காரணம் எரிபொருள் விலை. அது ஏறும்போது, கட்டண வரம்பிட்ட இருக்கைகளில் அந்த உயர்வைப் பயணியிடமிருந்து பெற இயலாது.

முப்பது மாதக் கணக்கு

இனி வானவடிக் குடும்பத்தின் கணக்கைப் போடுவோம்.

ரூ. 50 லட்சம், 10 விழுக்காடு வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் ரூ. 53,730. பயிற்சிக்கு இரண்டு ஆண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுப்பு எனக் கொள்வோம். அக்காலத்தில் வட்டியைக் கட்டாமல் விட்டால், முழுத்தொகையும் தொடக்கத்திலேயே பெறப்பட்டதாகக் கொண்டு, ரூ. 15 லட்சம் அசலுடன் சேரும். அப்போது தவணை சுமார் ரூ. 69,850 ஆகிவிடும், 15 ஆண்டில் மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ ரூ. 1 கோடியே 25 லட்சத்து 73 ஆயிரம். வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால், கட்டிய ரூ. 15 லட்சத்தையும் சேர்த்து மொத்தம் ரூ. 1 கோடியே 11 லட்சத்து 71 ஆயிரம். வேறுபாடு ரூ. 14 லட்சம். நடைமுறையில் கடன் பகுதி பகுதியாக வழங்கப்படுவதால் இவ்வெண்கள் சற்றுக் குறையும். எனினும் பாடம் மாறாது. இயன்றவரை விடுப்புக் காலத்தில் வட்டியையேனும் கட்டிவருவது நன்று. நம் குடும்பத்தின் தந்தை ஓய்வூதியத்திலிருந்தும் வைப்புத்தொகையின் வட்டியிலிருந்தும் அதைக் கட்டிவந்தார் எனக் கொள்வோம். ஆகவே தவணை ரூ. 53,730.

மகளின் கைக்கு வரும் சம்பளம் மாதம் ரூ. 1,20,000 எனக் கொள்வோம். பணித்தளத்தில் வாடகைக்கும் உணவுக்கும் ரூ. 35,000, காப்பீடுகளுக்கு ரூ. 5,000; தவணை ரூ. 53,730. எஞ்சுவது ரூ. 26,270. நிறுவனம் நின்று, அடுத்த வேலை கிடைக்க ஓராண்டு ஆகுமானால், அந்த ஓராண்டுத் தவணைக்கு ரூ. 6,44,760 கையிருப்பு வேண்டும். மாதம் ரூ. 26,270 வீதம் அதைச் சேர்க்க 25 மாதம் ஆகும்.

இப்போது பறப்பு மணியின் கணக்கு. விதிப்படி ஒரு விமானி 365 நாளில் 1,000 மணி நேரத்திற்கு மேல் பறத்தல் கூடாது. நாம் தாழ்வாகவே ஆண்டுக்கு 650 மணி எனக் கொள்வோம். கையில் உள்ள 200 மணியுடன் 1,300 சேர்ந்து 1,500 ஆக இரண்டு ஆண்டு. அதற்கு முன் வகுப்பு, சிமுலேட்டர், மேற்பார்வைப் பறப்பு என்று சுமார் ஆறு மாதம் போகும். ஆக முப்பது மாதம்.

இரு கணக்குகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சேர்ந்த நாளிலிருந்து முப்பது மாதம் நிறுவனம் பறந்துகொண்டிருந்தால், மகளிடம் மேல்நிலை உரிமத்திற்கான பறப்பு மணியும் இருக்கும். ஓராண்டுத் தவணைக்கான கையிருப்பும் இருக்கும். அதற்குப் பின் நிறுவனம் நின்றாலும் அவள் தாங்கிக்கொள்வாள். முப்பது மாதத்திற்கு முன் நின்றால் இரண்டுமே குறையாக நிற்கும். மேலே கண்ட நிறுவனங்களுள் ஏர் பெகாசஸும் ஏர் கார்னிவலும் தம் முழு ஆயுளிலும் இந்த முப்பது மாதத்தை எட்டவில்லை. ஏர் கோஸ்டா, பாரமவுண்ட், ட்ரூஜெட் ஆகியவை கடந்தன. ஆனால் அவற்றிலும் தொடக்க நாளில் சேர்ந்தவர் நிலை வேறு. கடைசி ஆண்டில் சேர்ந்தவர் நிலை வேறு. எனவே நிறுவனம் எப்போது தொடங்கியது என்று கேட்பதோடு நிற்காமல், நாம் சேரும் நாளிலிருந்து முப்பது மாதத்திற்கு அதன் விமானக் குத்தகையும் மானியமும் உள்ளனவா என்று கேட்கவேண்டும்.

எது நம்முடையது, எது நம்முடையதன்று

நிறுவனம் மறைந்தாலும் விமானியிடம் எஞ்சுபவை மூன்று: உரிமம், பறப்பு மணிக் குறிப்பேடு, மருத்துவத் தகுதி. மூப்பு எஞ்சாது, புதிய நிறுவனத்தில் வரிசையின் அடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

சம்பள நிலுவையும் எளிதில் வருவதன்று. ஜெட் ஏர்வேஸ் நின்றது 2019 ஏப்ரலில்; அதன் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது 2024 நவம்பர் 7-இல். இடைப்பட்ட காலம் ஐந்தரை ஆண்டு. தொழிலாளர் என்ற சட்ட வரையறைக்குள் வராத ஊழியர்களின் நிலுவை, நொடிப்புச் சட்டத்தின் வரிசையில் ஈடுபெற்ற கடன்களுக்குப் பின்னரே நிற்கிறது. எனவே சம்பளம் இரண்டு மாதம் தாமதமானால் அதைச் செய்தியாகவே கொள்ளவேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைக் கூர்ந்து படிக்க வேண்டும். முதலாவது, பயிற்சிச் செலவுக்கு ஈடாக நிறுவனம் கேட்கும் பணிக்காலப் பத்திரம். எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு, காலம் செல்லச்செல்ல அத்தொகை குறையுமா, நிறுவனமே நின்றுவிட்டால் பத்திரம் இரத்தாகுமா என்பவை எழுத்தில் இருக்கவேண்டும். இரண்டாவது, பின்தேதியிட்ட காசோலைகள். கணக்கில் பணமின்றிக் காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காகவும் ஆகலாம். ஆகவே தேதியும் தொகையும் நிரப்பாத காசோலையில் கையொப்பமிடலாகாது. மூன்றாவது, முன்னறிவிப்புக் காலம். 2017-இல் வந்த விதிப்படி துணை விமானி 6 மாதமும் தலைமை விமானி 12 மாதமும் முன்னறிவிப்புத் தரவேண்டும். நிறுவனத்தின் நிலை சரிகிறது என்று தெரிந்தாலும் மறுநாளே வெளியேற இயலாது.

பணித்தளமும் ஓய்வும்

வானவடியிலிருந்து லோஹகாவ் ஒரு நகரப் பயணமே. ஆனால் மகளின் பணித்தளம் கோவாவாகவோ ஹைதராபாத்தாகவோ இருக்கக்கூடும். வாடகையை மிச்சப்படுத்த வீட்டிலேயே தங்கி, பணிக்கு முதல்நாள் இரவு பயணம் செய்யலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். அந்த மிச்சத்திற்கு நாம் உடன்படமாட்டோம். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகில் கோல்கன் ஏர் என்னும் வட்டார நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். வேகக் குறைவு எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறான முறையில் செயற்பட்டதே காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. ஆயினும் துணை விமானி நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்திருந்ததும், வட்டார விமானிகளின் குறைந்த ஊதியமும் அந்நாட்டில் பெரும் விவாதமாயின. அதன்பின் துணை விமானிக்கும் 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

நம் நாட்டிலும் 2025 ஜூலை முதல் விமானியின் வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டுள்ளது. அந்த ஓய்வு உறங்குவதற்கு உரியது. பேருந்தில் கழிப்பதற்கு உரியதன்று. பணித்தள வாடகையைக் குடும்பம் தவிர்க்கவியலாத செலவாகவே கணக்கில் வைக்கவேண்டும். அதை நீக்கினால்தான் கணக்கு நேராகிறது என்றால், அந்த வேலை நம் கடனுக்குப் பொருந்தவில்லை என்றே பொருள்.

முடிவு

நம் கருத்தைத் தெளிவாகவே கூறிவிடுகிறோம். நான்கு நிபந்தனைகள் நிறைவேறுமாயின் வானவடிக் குடும்பத்தின் மகள் வட்டார நிறுவனத்தில் சேரலாம். சேர்வது காத்திருப்பதைவிட நன்று.

ஒன்று, தவணை கைச்சம்பளத்தில் பாதிக்கு மேற்படலாகாது. பயிற்சி மாதங்களில் முழுச் சம்பளம் வராது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். இரண்டு, சேரும் நாளிலேயே குறைந்தது ஆறு மாதத் தவணை, அதாவது சுமார் ரூ. 3,22,000, தந்தையின் வைப்புத்தொகையில் இதற்கெனத் தனியே இருக்கவேண்டும். முதல் முப்பது மாதத்தின் இடரை அதுவே தாங்கும். மூன்று, பணிக்காலப் பத்திரம் மூன்று ஆண்டுக்கு மேற்படலாகாது. நிறுவனம் நின்றால் அது இரத்தாகவேண்டும். நான்கு, அவ்வகை விமானத்தை இயக்கும் வேறு நிறுவனங்கள் நாட்டில் இருக்கவேண்டும். ஏ.டி.ஆர். என்றால் அலையன்ஸ் ஏர், ஃப்ளை 91 ஆகியவற்றோடு இண்டிகோவும் 2017 டிசம்பர் முதல் அதை இயக்குகிறது. ஒரே ஒரு நிறுவனம் மட்டும் வைத்திருக்கும் விமான வகைக்குச் சொந்தப் பணத்தில் தகுதி பெறுவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மாற்றுவழி உண்டு. துணைப் பயிற்சியாளர் தகுதி பெற்றுப் பயிற்சி நிலையத்தில் கற்பிக்கலாம். வருமானம் குறைவே, எனினும் பறப்பு மணி வளரும், கைத்திறன் மங்காது, பணிக்காலப் பத்திரச் சுமையும் பெரிதாக இராது. அடுத்த அழைப்பு வரும்போது பேரம் பேசும் நிலையில் நிற்கலாம்.

கிளைக்கு வரும்போது

மூன்று செய்திகளைக் கிளையில் கேட்டுத் தெளிவு பெறுக. முதலாவது, கல்விக்கடனுக்குச் செலுத்தும் வட்டிக்குப் பழைய வருமான வரிமுறையில் எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு; புதிய வரிமுறையில் அது இல்லை. எந்த வரிமுறை இலாபம் என்பதை முதற்சம்பளத்திற்கு முன்னரே கணக்கிட்டுக்கொள்ளவேண்டும். இரண்டாவது, கடன் பெற்றவருக்கு ஆயுள் காப்பீடும், மருத்துவக் காரணத்தால் உரிமம் இழக்க நேர்ந்தால் தொகை தரும் உரிம இழப்புக் காப்பீடும் எடுக்கவேண்டும். விமானி உயிருடனும் நலமுடனும் இருந்தும், ஆண்டு மருத்துவச் சோதனையில் தேறாமல் வருமானம் இழக்க நேரலாம். ஆயுள் காப்பீடு மட்டும் அதற்கு உதவாது.

மூன்றாவது செய்தியே மிக முதன்மையானது. நிறுவனம் நின்றாலோ சம்பளம் தடைப்பட்டாலோ, முதல் தவணை தவறுவதற்கு முன்னரே கிளைக்கு வருக. தவணைக் காலத்தை நீட்டித்தல், சில மாதம் வட்டி மட்டும் செலுத்துதல் போன்ற வழிகளை அப்போது ஆராய இயலும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின் வழிகள் குறுகும். மகளின் கடன் மதிப்பெண்ணோடு இணைக் கடனாளியான தந்தையின் மதிப்பெண்ணும் சரியும். ஈடுவைத்த வீட்டின்மீது சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வரவும் கூடும். வெட்கத்தாலோ தயக்கத்தாலோ அந்த 90 நாளைக் கழித்துவிட்டுப் பின்னர் வருவோர் உண்டு. அவர்களுக்குச் செய்யக்கூடியது, முன்னரே வந்தோருக்குச் செய்யக்கூடியதைவிடக் குறைவு.

அழைப்புக் கடிதம் வந்த நாளில் அதில் கையொப்பமிடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, இடப்பக்கம் சம்பளத்தையும் செலவுகளையும் தவணையையும், வலப்பக்கம் நிறுவனம் தொடங்கிய ஆண்டு, விமானங்களின் எண்ணிக்கை, குத்தகை முடியும் நாள், மானியம் முடியும் நாள் ஆகியவற்றையும் எழுதுக. வலப்பக்கத்து விவரங்களை நேர்காணலிலேயே கேட்கலாம். நாளிதழ்களிலும் இயக்குநரகத்தின் வெளியீடுகளிலும் தேடலாம். வலப்பக்கம் வெறுமையாக இருக்குமானால் கையொப்பத்தைச் சில நாள் தள்ளிவைத்து, அத்தாளுடன் கிளைக்கு வந்து பேசுக.